அரத்தின் மேல் போட்ட பழி

நான் சண்டைக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயம் வந்தால் சிலர் அழுவார்கள், சிலர் கோயிலுக்கு ஓடுவார்கள். எனக்குப் பயம் வந்தால் கோபம் வரும். யாரையாவது நாலு வார்த்தை திட்டினால்தான் நெஞ்சு படபடப்பு அடங்கும். அந்த வருடம் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் நான் திட்டித் தீர்த்தது ஒரு அரத்தை.

தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருபத்தெட்டு வருடம் கொழுந்து எடுத்தவள் நான். ஓய்வு வயது வந்து தோட்டப் பதிவில் பெயரை வெட்டியதும் வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. எல்ல டவுனுக்குப் போகிற வழியில் பழைய துரை பங்களா ஒன்றை ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். அங்கே பூத்தோட்டம் பார்க்க ஆள் கேட்டார்கள், போய்ச் சேர்ந்துகொண்டேன். ரோசா நாற்பது செடி, செம்பருத்தி ஒரு வரிசை, வாசலிலிருந்து வெளிக்கேட் வரைக்கும் ஒரு நீள வேலி. கொப்பு வெட்டுகிற கத்திரி ஒன்று, வேலி வெட்டுகிற நீளக் கத்திரி ஒன்று, ஒரு கைவாள். இந்த மூன்றும் என் பொறுப்பு.

வெட்டுகிற வேலையைவிட, வெட்டி முடித்தபிறகு அவற்றைக் கழுவித் துடைத்து வைக்கிற வேலையில்தான் எனக்குப் பெருமை அதிகம். சாயங்காலம் நாலு மணிக்கு ஹோட்டலின் பின்கட்டில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் சாக்கைப் போட்டு உட்காருவேன். கத்திரியை அப்படியே வைத்துவிட்டால் செடியின் பாலும் பிசினும் விடிவதற்குள் கறுத்து ஒட்டிக்கொள்ளும். எங்கள் பக்க மழைக்கு ஒரு இரவு போதும், துரு பூத்துவிடும். அதனால் நடு ஆணியைக் கழற்றி, ஸ்பிரிங்கைத் தனியாக எடுத்து வைத்து, இரண்டு அலகையும் பிரித்துச் சவுக்காரத் தண்ணீரில் போடுவேன். தேங்காய்த் தும்பால் தேய்ப்பேன். அதற்கும் போகாத பிசினுக்கு மண்ணெண்ணெய் தொட்ட துணி. நோய் கண்ட செடியை வெட்டிய நாளென்றால் ஸ்பிரிட் போட்டு இன்னொரு துடைப்பு. ஈரம் போக உலர்த்திய பிறகுதான் அரம். சரிவாக இருக்கிற பக்கத்தை மட்டும், ஒரே வாக்கில் இழுக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்க்கிறவன் கத்திரியைக் கெடுக்கிறவன். கடைசியில் தையல் மெசின் எண்ணெய் இரண்டு சொட்டு.

கூர் வந்துவிட்டதா என்று பார்ப்பது கட்டைவிரலால். அலகின் நீளத்துக்கு விரலை ஓட்டக் கூடாது, வெட்டிவிடும். குறுக்கே வைத்து லேசாக இழுக்க வேண்டும். கூராக இருந்தால் தோலைக் கவ்வும், மழுங்கலாக இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும். தேயிலையை மட்டமாக வெட்டிவிடுகிற கவ்வாத்துக்குப் போகும் ஆண்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். மலையில் நின்றபடி பேசிக்கொண்டே, கத்தியைக் கண்ணால் பார்க்காமலேயே விரலை வைத்துப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான். கட்டைவிரல் சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை.

ஐப்பசி மழை பிடித்த வாரத்தில் ஒரு நாள் கத்திரி கவ்வவில்லை. வழக்கமாகப் பத்து இழுப்பு இழுப்பேன். அன்றைக்கு இருபது இழுத்தேன். விரலை வைத்துப் பார்த்தால் வழுக்குகிறது. முப்பது இழுத்தேன். அப்போதும் வழுக்கியது. அரத்தைத் தூக்கிப் பார்த்தேன். பதுளையில் வாங்கிய புது அரம், மூன்று மாதம்கூட ஆகவில்லை. "சனியன் புடிச்ச அரம்" என்று அன்றைக்குத் தொடங்கியதுதான். அதன் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் அந்த அரத்துக்கும் அதை விற்ற கடை முதலாளிக்கும் அர்ச்சனை நடந்தது.

காகிதத்தில் வெட்டிப் பார்த்திருக்கலாம். நகத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம். அவ்வளவு ஏன், மறுநாள் காலையில் அதே கத்திரி ரோசாக் கொப்பை வெண்ணெய் மாதிரி வெட்டியதை என் கண்ணாலேயே பார்த்தேன். பார்த்துவிட்டு, "இளங்கொப்பு, அதான் வெட்டுப்படுது" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அரம் கெட்டதாகத்தான் இருக்க வேண்டும். வேறு எதுவாகவும் இருந்துவிடக் கூடாது. அதற்குக் காரணம் என் அக்கா.

அக்கா எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே பக்கத்துக் காம்பராவில், அடுத்த அறையில் இருக்கிறாள். அவளுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. கவ்வாத்து வெட்டிய மலையில் தேயிலைக் குச்சிகள் ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு நாள் அந்த வழியாக வந்தவளுக்குச் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஒரு குச்சி ஏறியிருக்கிறது. அவளுக்குத் தெரியவில்லை. செருப்புக்குள் ஈரமாக இருக்கவும், சேறு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு கொழுந்து நிறுக்கிற இடம் வரைக்கும் நடந்து வந்திருக்கிறாள். பின்னால் வந்தவர்கள்தான் பாதையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டுக் கூச்சல் போட்டார்கள். புண் ஆறவில்லை. அடுத்த தைப் பொங்கலுக்கு அவளுக்கு அந்தக் கால் இல்லை.

சீனி வருத்தம், சர்க்கரை நோய் என்றார்கள். அக்காவுக்கு அது இருந்ததே அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து என் வாயால் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. "அது" என்றுதான் சொல்வேன். பெயரைச் சொன்னால் கேட்டுக்கொண்டு வந்துவிடும் என்று ஒரு பயம். தோட்டத்து மருந்துக் கடைக்கு ரத்தம் பார்க்க ஆட்கள் இரண்டு தடவை வந்தார்கள். முதல் தடவை நான் விறகு பொறுக்கப் போய்விட்டேன். வீட்டில் விறகு நிறைந்து கிடந்தது. இரண்டாவது தடவை, தலைசுற்றல் என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். தலைசுற்றலுக்குத்தானே ரத்தம் பார்க்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

கத்திரி கவ்வாத நாளில் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அக்காவின் செருப்புத்தான். உடனே அந்த நினைப்பை அடித்து விரட்டினேன். கொழுந்து எடுத்த கை இது, காய்ப்புக் காய்த்த தோல், இதற்கு எப்படி உணர்ச்சி இருக்கும் என்று எனக்குப் பதிலும் சொல்லிக்கொண்டேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்கிற பதில்தான் அது. சூட்டுச் சட்டியைத் துணியில்லாமல் இறக்குகிற பெண்களைக் கேட்டுப் பாருங்கள், "கொழுந்துக் கை, சுடாது" என்பார்கள். ஆனால் அந்தக் காய்ப்பு என்ன நேற்றா வந்தது? போன வருடமும் அதே காய்ப்புத்தான், அதே கட்டைவிரல்தான், அப்போது கத்திரி கவ்வியது. இந்தக் கேள்வி எனக்குள் வந்தது. வந்ததும் அரத்தை எடுத்து இன்னும் இருபது இழுப்பு இழுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்திரியை வீட்டுக்கே கொண்டுவந்து உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் அதை வாங்கி வாசலில் நின்ற கொய்யாவில் ஒரு கொப்பை வெட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தானே வெட்டுது? இன்னும் எதுக்கு அதப் போட்டுத் தேய்க்கிற?"

"ஒங்களுக்கு என்ன தெரியும்? நீங்க எப்ப கத்திரி புடிச்சீங்க?"

"கைய ஏன் இப்பிடிப் பிசைஞ்சுக்கிட்டே இருக்க? வலிக்குதா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. போய் வேலையப் பாருங்க."

அவர் கத்திரியைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வைக்குத்தான் எனக்கு இன்னும் பயம் கூடியது. முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு உள்ளே போனேன். அவர் தப்பு ஒன்றும் செய்யவில்லை, பாவம். அன்று பகல் முழுக்க அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கார்த்திகை கடைசியில் ஹோட்டல் மேனேஜர், சின்னப் பையன்தான், கத்திரியைக் கையில் எடுத்தான். வெட்டுகிற அலகு பாதியாகத் தேய்ந்து, பிறை நிலா மாதிரி இளைத்துப் போயிருந்தது. "அக்கா, இது இந்த வருசம் வாங்குனது. எப்பிடி இப்பிடித் தேஞ்சுது?" என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். "அரம் சரியில்ல தம்பி. பதுளையில குடுத்து மாத்திட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு போகாமல் இருக்க முடியாது. மறுநாள் காலை கத்திரியையும் அரத்தையும் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். ஹாலிஎல தாண்டும் வரைக்கும் மனதுக்குள் சண்டைக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அப்படி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தால் வேறு எதையும் நினைக்க வேண்டியதில்லை.

அந்த இரும்புக் கடை முதலாளிக்கு என் வயதுதான் இருக்கும். நெற்றி நிறைய விபூதி, மேசைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, பூட்டும் கீலும் பரப்பி வைத்த கண்ணாடி மேசை. நான் படியேறும்போதே குரலை உயர்த்திவிட்டேன்.

"மொதலாளி, நீங்க அரம் விக்கிறீங்களா, வெறும் இரும்புத் துண்டு விக்கிறீங்களா?"

"என்னங்கம்மா ஆச்சு? மொதல்ல ஒக்காருங்க."

"ஒக்கார வரல. ரெண்டு மாசமா இழுக்கிறேன், கூர் புடிக்கவே மாட்டேங்குது. கத்திரி தேஞ்சதுதான் மிச்சம். தலையில மொளகா அரைக்க ஒங்களுக்குத் தோட்டத்து ஆளுகதான் கெடச்சோமா?"

கடையில் ஆணி வாங்க வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி கோபப்படவில்லை. தாளைப் பிரித்துக் கத்திரியை எடுத்தார். அந்தத் தாளிலேயே ஒரு ஓரத்தை வெட்டினார். சத்தமே இல்லாமல் ஒரு கீற்று நழுவி விழுந்தது. பிறகு தன் முன்கையில் அலகை வைத்து இழுத்தார். முடி கொத்தாக மழிந்து வந்தது.

"அம்மா, இதுல சவரமே பண்ணலாம். இதுக்கு மேல என்ன கூர் வேணும் ஒங்களுக்கு?"

"காயிதம் வெட்டுனாப் போதுமா? கட்டவெரல்ல வச்சுப் பாக்கணும். குடுங்க இங்க. பாருங்க, கவ்வுதா? கவ்வுதா சொல்லுங்க?"

வாங்கி, கட்டைவிரலைக் குறுக்கே வைத்து இழுத்துக் காட்டினேன். வழுக்கியது. அழுத்தி இன்னொரு தடவை இழுத்தேன். "வழுக்கிட்டுப் போகுது பாருங்க" என்று மூன்றாவது தடவையும் இழுத்தேன்.

முதலாளி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. "அம்மா! கைய எடுங்க! கைய எடுங்க!"

கண்ணாடி மேசையின் மேல் ரத்தம். சொட்டுச் சொட்டாக இல்லை, ஊற்றினது மாதிரி. கீழே இருந்த பூட்டுகளெல்லாம் சிவப்பாகத் தெரிந்தன. ஐயோ, மனுஷன் கையை வெட்டிக்கொண்டாரே என்று நான் அவர் கையைத்தான் பார்த்தேன். அவருடைய கைகள் இரண்டும் சுத்தமாக இருந்தன. ஆணி வாங்க வந்தவர்களைப் பார்த்தேன். அவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியாகத்தான் என் கையைப் பார்த்தேன். கட்டைவிரலின் சதை வாய் பிளந்து கிடந்தது.

எனக்கு எதுவுமே தெரியவில்லை. எரியவில்லை, வலிக்கவில்லை, ஈரம்கூடத் தெரியவில்லை. வேறொருத்தியின் கை என் தோளிலிருந்து தொங்குகிற மாதிரி இருந்தது. குளவிக் கூட்டத்துக்குள் ஒரு தடவை மாட்டியிருக்கிறேன். மண் சரிந்து லயத்துக்குப் பின்சுவரை முட்டிய நாளில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். அப்போதெல்லாம் எந்தப் பக்கம் ஓடுவது என்றாவது தெரிந்தது. அன்றைக்கு அந்தக் கடையில் எனக்கு வந்த பயத்துக்கு ஓட ஒரு பக்கம் இல்லை.

முதலாளி ஒரு புதுத் துவாலையைக் கிழித்து விரலை இறுக்கிக் கட்டினார்.

"வலிக்கலையாம்மா ஒங்களுக்கு?"

"வலிக்குது" என்றேன்.

அவர் துவாலையை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினார். "ஆஸ்பத்திரிக்குப் போங்க. தைக்கணும். ஏற்பு வராம ஊசியும் போடணும், துருப்பட்ட இரும்பு பாருங்க" என்றார்.

"தோட்டத்துல போய்ப் போட்டுக்கிறேன். கத்திரியக் குடுங்க."

"கத்திரி இங்கயே இருக்கட்டும். ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டக் கொண்டாந்து காட்டுங்க, அப்பறம் தாறேன்."

"அது ஹோட்டல் சாமான் மொதலாளி!"

"அதுனாலதான் வச்சிக்கிறேன். அதுக்காவது திரும்பி வருவீங்க."

என்னிடம் வாதாடி ஜெயித்தவர்கள் குறைவு. அந்த மனுஷன் ஜெயித்தார். கடை வாசலில் நின்ற ஆட்டோவைக் கூப்பிட்டு, "நேரா ஆஸ்பத்திரி, நடுவுல பஸ் ஸ்டாண்டுல எறங்குறேன்னு சொன்னா எறக்காத" என்று டிரைவரிடம் சொல்லியும் அனுப்பினார். நான் உண்மையிலேயே அப்படித்தான் சொல்ல நினைத்திருந்தேன்.

விரலில் ஆறு தையல் போட்டார்கள். விரல் மரத்துப்போக ஊசி போடும்போது, "கொஞ்சம் வலிக்கும், பல்லக் கடிச்சுக்கங்க" என்றார்கள். அதுவும் தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாகிவிட்டது, சும்மா பல்லைக் கடித்துக் காட்டினேன். ஏற்பு ஊசி போட வந்த நர்ஸ் தமிழ்ப் பிள்ளை. என் மகள் வயதுதான் இருக்கும்.

"சீனி இருக்காம்மா?"

"இல்ல."

"பாத்திருக்கீங்களா?"

"பாக்கல."

"பாக்காம எப்பிடிம்மா இல்லன்னு சொல்றீங்க?"

அந்தப் பிள்ளை மற்றக் கையின் விரலில் ஒரு குத்துக் குத்தி, ஒரு துளியைச் சின்ன மெசினில் வைத்தது. மெசின் கத்தியது. அந்தப் பிள்ளை ஏதோ ஒரு எண்ணைச் சொன்னது. அந்த எண் கூடவா குறைவா என்று நான் கேட்கவில்லை, பிள்ளையின் முகமே சொல்லிவிட்டது. அம்மா தாயே, அக்காவுக்குக் கொடுத்ததை எனக்குக் கொடுத்துவிடாதே என்று மனதுக்குள் கும்பிட்டேன். விரல் போனால் போகட்டும், ஒரு விரல்தானே, அதோடு விட்டுவிடு என்று பேரம் பேசினேன்.

"வாங்கம்மா, அந்தக் கட்டில்ல படுங்க. கால ஒரு தடவ பாத்துருவோம்."

"கையிலதான் வெட்டு. காலுக்கு ஒண்ணும் இல்ல."

"இல்லன்னா நல்லதுதானே. சும்மா படுங்க."

படுத்தேன். அந்தப் பிள்ளை திரையை இழுத்துவிட்டு, பேனா மாதிரி ஒன்றை எடுத்தது. அதன் நுனியில் மீன் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு சின்ன நூல் இருந்தது. அதை என் முழங்கைக்கு மேலே வைத்து அழுத்தியது. எறும்பு ஊர்கிற மாதிரி நன்றாகத் தெரிந்தது. "இதுதான்மா. இதே மாதிரி பாதத்துல தொடுவேன். கண்ண மூடிக்கங்க. தெரியுறப்பல்லாம் 'தெரியுது'ன்னு சொல்லுங்க" என்றது.

எனக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. இவ்வளவுதானா? எறும்பு ஊர்வது தெரியாமலா போகும்? இருந்தாலும் ஒரு திருட்டு யோசனையும் வைத்துக்கொண்டேன். லேசாகப் பட்டாலும் சரி, பட்டும் படாமல் இருந்தாலும் சரி, உடனே தெரியுது, தெரியுது என்று சத்தமாகச் சொல்லிவிடுவது. சொல்லிவிட்டால் வீட்டுக்கு விட்டுவிடுவார்கள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, வாயில் அந்தச் சொல்லைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

மேலே காற்றாடி கடகடத்தது. யாரோ ஒரு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். எங்கோ ஒரு குழந்தை வீறிட்டு அழுது ஓய்ந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இருமினார். நான் காத்திருந்தேன். அந்தப் பிள்ளை எதையோ எழுதுகிறது போலிருக்கிறது, எழுதி முடித்துவிட்டுத் தொடங்கும் என்று நினைத்தேன். மூச்சுக்கூடப் பலமாக விடவில்லை, தொடுவது தவறிப்போய்விடுமோ என்று பயம். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் என் குணம் தலை தூக்கிவிட்டது.

"ஏம்மா, எவ்வளவு நேரம் இப்பிடிப் படுத்துக்கிட்டு இருக்கிறது? எனக்குக் கடைக்கு வேற போகணும், ரெண்டு மணி பஸ் போயிரும். தொடங்குங்களேன்."

கண்ணைத் திறந்து பார்த்தேன். அந்தப் பிள்ளை என் கால்மாட்டில் நின்று, நூலுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தது.

"ரெண்டு காலும் முடிச்சிட்டேன்மா" என்றது.